ஆடியில் வேண்டாம் என்றவள்

நல்ல நாள் பார்க்காமல் காரியத்தைக் கெடுத்தவர்கள் நிறையப் பேர் உண்டு. நல்ல நாள் பார்த்தே கெடுத்தவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.

தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் ஒரு நூல் மில்லில் மின் பொறியாளராக இருந்தேன். (மில்லிலேயே ஒரே பெண் இன்ஜினியர். அந்தத் திமிரும் இருந்தது.) மின்வெட்டுக்குப் பயந்து முதலாளி சொந்தமாக ஒரு காற்றாலை போட நினைத்தார். தாராபுரம் பக்கம் இருந்த அப்பாவின் மேட்டுக்காட்டை நானே பேசி முடித்தேன். அப்பா ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்.

"இந்தக் காத்து இத்தன வருசமா என்ர பயிரையெல்லாம் சாய்ச்சுப்போட்டுது அம்மணி. அது ஒருக்காவாச்சும் வேலை செய்யறத நானு பாக்கோணும்."

ஆடி பிறந்தபோது காற்றாலை தயார். காற்று ஆளையே தூக்கியது. அப்பா சலவை வேட்டியோடு வந்து நின்றார்.

"இன்னைக்கே சுத்த உட்டுப்போடலாமா அம்மணி?"

"ஆடியில யாருங்கப்பா தொறப்பு விழா வெப்பாங்க? ஆவணி பொறக்கட்டுங்க."

முதலாளிக்கும் அவசரம்தான். அவரையும் நானே தடுத்தேன். ஆவணியில் அவர் வெளிநாடு போய்விட்டார். புரட்டாசியில் கறிவிருந்து போட முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. கார் போக வழியில்லை. மார்கழி ஆகாது. காற்றுக் காலம் போனபின் முதலாளியும் அவசரப்படவில்லை. "தையில கொஞ்சம் காத்து இருந்தாப் போதுங்க, சுத்தீரும்" என்று அவரிடம் அடித்துச் சொல்லியிருந்தேன்.

தை மாதம், வளர்பிறை முகூர்த்தம். பந்தல், நாதஸ்வரம், ஆட்டுக்கறி. கற்பூரம் காற்றில் அணைந்துவிடக் கூடாதே என்று தகரத்தில் ஒரு மறைப்புகூடச் செய்து வைத்திருந்தேன். (அறிவாளி!) மறைப்பே தேவைப்படவில்லை. கற்பூரம் ஆடாமல் அசையாமல் நேராக எரிந்தது.

முதலாளி பொத்தானை அழுத்தினார். எல்லோரும் கண்ணுக்குமேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்தார்கள். இறக்கைகள் மூன்றும் அப்படியே நின்றன. நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்கி நிறுத்திவிட்டார்.

"ஏனுங்க, கரண்ட் இல்லீங்களா?" என்று முதலாளி என்னைக் கேட்டார். கரண்ட் எடுக்கப் போட்டதற்கே கரண்ட் இல்லையா என்கிறார்! எனக்கு அழுகைதான் வந்தது.

அப்பாதான் முன்னால் வந்தார். "சோறு ஆறிப்போகுதுங்க. எல்லாரும் வாங்க, சாப்புடலாம்." அத்தனை பேரையும் பந்திக்குக் கூட்டிப்போய் என் மானத்தைக் காப்பாற்றினார்.

எல்லோரும் போனபிறகும் அவர் ஒரு நாற்காலியைப் போட்டு, பொழுது சாயும்வரை காற்றாலைக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது, "உடு அம்மணி, ஆடியில பாத்துக்கலாம்" என்றார்.

பங்குனியில் ஒரு காலை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு உட்கார்ந்தவர் எழவேயில்லை.

வைகாசிக் கடைசியில் காற்று கிளம்பியது. அண்ணன் என்னைக் காட்டுக்குக் கூட்டிப்போனான். இறக்கைகள் விடாமல் சுற்றின. என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தரையில் ஓடிய நிழலைப் பார்த்து அழுதேன்.

இன்றும் எங்கள் வீட்டில் எதையாவது தள்ளிப்போட்டால், "அம்மணிகிட்ட நாள் கேட்டீங்களா?" என்று அண்ணன் கிண்டல் செய்வான். எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான். போன ஆடியில் என் மகள் புது ஸ்கூட்டர் எடுக்கப் போனபோது, சொந்தக்காரர் ஒருவர் "ஆவணி பொறக்கட்டுமே" என்றார். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"இன்னைக்கே எடு கண்ணு. எடுத்ததும் மாமனை ஏத்தி ஒரு சுத்து சுத்தீட்டு வா."

அன்று அண்ணன் கிண்டல் செய்யவில்லை.