சடையப்பனுக்குக் கை உண்டா?

எனக்குக் கை வரையத் தெரியாது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகக் கார்ட்டூனிஸ்ட் என்று சொல்லிக்கொண்டு திரியும் ஒருவன் இதை ஒப்புக்கொள்வது, சமையல்காரர் தனக்கு உப்புப் போடத் தெரியாது என்று சொல்வதைப் போலத்தான். ஆனாலும் உண்மை அதுதான். மூக்கு வரைவேன், தொப்பை வரைவேன், எருமை மாட்டின் அலட்சியத்தைக்கூட வரைந்துவிடுவேன். மணிக்கட்டுக்குக் கீழே வந்ததும் பேனா நின்றுவிடும்.

எழுபதுகளில், இருபத்துநாலு வயதில், பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் கடலைக்காட்டைப் பார்க்காமல், கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு வாரப் பத்திரிகைக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தேன். என் நாயகன் பெயர் சடையப்பன். முழு மொட்டை. மொட்டைத் தலைக்குச் சடையப்பன் என்று பெயர் வைத்ததுதான் என் நகைச்சுவையின் உச்சம் (அதற்கு மேல் அது ஏறவே இல்லை). சடையப்பன் கைகளை எப்போதும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருப்பான். இல்லையென்றால் துண்டுக்குள் இருக்கும், மேஜைக்கு அடியில் இருக்கும், மாட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும். ஒருமுறை அவன் தென்னை மரம் ஏறவேண்டி வந்தது. மரத்தின் பின்பக்கமாக ஏறவிட்டேன். மொட்டைத் தலை மட்டும் மரத்தை ஒட்டி எட்டிப் பார்த்தது. அவன் யாருக்கும் வணக்கம் சொன்னதே கிடையாது. தன்மானம் மிக்கவன் என்று வாசகர்கள் நினைத்திருக்கக்கூடும்.

பத்திரிகை ஆசிரியருக்கு அவனைப் பிடிக்கவில்லை.

"தம்பி, உங்க படத்தப் பாத்தா எனக்குச் சிரிப்பே வரமாட்டேங்குது. ஆனா மூணாறு மலையிலிருந்து வாராவாரம் ஒரு பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க நாப்பது கார்டு போடறாங்க. அது வர்ற வரைக்கும் சடையப்பன் இருந்துட்டுப் போகட்டும்" என்பார். அந்தக் கார்டுகள் நூல் கட்டுப் பிரியாமல் அலமாரியில் அடுக்கப்பட்டிருக்கும்.

"ஒரு கட்டப் பிரிச்சுப் படிச்சுப் பாக்கலாமுங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"படிச்சு என்ன பண்றதுங்க தம்பி? நாப்பது பேரு வாராவாரம் எழுதறாங்கன்னா நல்லதாத்தான் எழுதுவாங்க. வையறவன் எங்காச்சும் இத்தன பொறுமையா வைவானா?"

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. படித்தால் தலைக்கனம் ஏறிவிடுமே என்ற தன்னடக்கத்தில் நானும் விட்டுவிட்டேன்.

இரண்டு வருஷம் இப்படிப் போனபின் அந்தப் பள்ளியின் தமிழாசிரியர் சங்கரலிங்கம் ஒரு கடிதம் எழுதினார். மாணவர்கள் என்னை நேரில் காணத் துடிப்பதாகவும், நான் வந்து பேசி, அவர்கள் முன்னால் படம் வரைந்து காட்ட வேண்டும் என்றும் கேட்டிருந்தார். பத்திரிகை ஆசிரியர் மகிழ்ந்து போனார்.

"போயிட்டு வாங்க. கார்டு மட்டும் நிக்காமப் பாத்துக்கோணும். கார்டு நின்னா சடையப்பனும் நின்னுக்குவான், சொல்லிப்போட்டேன்."

மச்சான் தன் கல்யாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட்டை இரவல் வாங்கிக்கொண்டு, பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று பஸ் மாறி மூணாறு போய்ச் சேர்ந்தேன். அங்கே ஒரு விடுதியில் தங்கி, கண்ணாடி முன் நின்று "அன்பார்ந்த மாணவச் செல்வங்களே" என்பதைப் பதினோரு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். மறுநாள் காலையில் சங்கரலிங்கம் சார் எஸ்டேட் ஜீப்பில் வந்து அழைத்துப் போனார். வழியெல்லாம் மூடுபனி. பாலக்காட்டு வெயிலில் காய்ந்த உடம்பு கோட்டுக்குள் கிடுகிடுவென்று ஆடியது.

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் நோட்டுப் புத்தகங்களோடு வரிசையாக நின்றார்கள். ஒரு நோட்டை வாங்கிப் புரட்டினேன். வாராவாரம் வந்த சடையப்பன் வெட்டி ஒட்டப்பட்டிருந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒவ்வொரு படத்திலும் நாலைந்து இடங்களில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது.

"ரசித்த இடங்களையெல்லாம் குறித்து வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறதே!" என்றேன்.

சங்கரலிங்கம் சார் நல்ல மனிதர். பொய் சொல்லத் தெரியாதவர்.

"அது தப்பு இருக்க எடம்லா சார்" என்றார். "வெள்ளிக்கிழமை தோறும் கடிதம் எழுதுத பயிற்சி. பத்திரிகை ஆசிரியருக்குப் புகார்க் கடிதம் எழுதணும். எதப் பத்திப் புகார் சொல்ல? கங்காணியப் பத்தி எழுதுனா வம்பு. தொரையப் பத்தி எழுதுனா தாய் தகப்பனுக்கு வேலை போயிரும். ஒங்க படத்தப் பத்தி எழுதுனா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ. அதுவும் ஒங்க படத்துல ஒரு வாரம்கூடத் தப்பு இல்லாமப் போனதில்ல பாத்தியளா, எங்களுக்கு அது ரொம்ப வசதி."

இரண்டு வருஷமாக என் பிழைப்பைத் தாங்கி நின்றவை, வாரத்துக்கு நாற்பது வீதம் வந்த புகார்கள். உடனே திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன். ஜீப் போய்விட்டிருந்தது.

மேடை ஏறினேன். வரையவே கூடாது, பேசியே தப்பிக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். சிரிப்பின் சிறப்பு, சிந்தனையின் மாண்பு என்று கால் மணி நேரம் ஓட்டினேன். நடுவரிசையிலிருந்து இரட்டைப் பின்னலோடு ஒரு பெண் எழுந்தாள்.

"பேச்சி, எட்டாங் கிளாஸ். சார், சடையப்பனுக்குக் கை உண்டா?"

"ஏளா, மரியாதையாக் கேளு" என்றார் சங்கரலிங்கம் சார்.

"சடையப்பன் அவர்களுக்குக் கை உண்டா சார்?"

ஹால் சிரித்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எளிய மனிதனின் கைகள் கட்டப்பட்டிருக்கின்றன. அதைத்தான் குறிப்பாகக் காட்டுகிறேன்" என்றேன். அற்புதமான பொய். ஒரு கணம் நானே நம்பிவிட்டேன்.

"கையக் கட்டிப்போட்டா தென்ன மரத்துல எப்படி ஏறுனாரு சார்?" என்றாள் பேச்சி. "ஒரே ஒரு கை வரைஞ்சு காட்டுங்க சார். ஒண்ணு போதும்."

"இந்தக் குளிரில் விரல் விறைத்துப்போய்விட்டது, அம்மா."

நாற்பது முகங்களும் என்னை வியப்போடு பார்த்தன. "எங்கம்மா இந்தப் பனிலதான் சார் கொழுந்து கிள்ளுது" என்றாள் அவள், ஆறுதல் சொல்வதைப் போல. "டீத்தண்ணி குடிச்சா சரியாயிரும்." சொல்லி முடிப்பதற்குள் ஆவி பறக்கும் கிளாஸ் ஒன்று என் கைக்கு வந்துவிட்டது (தேயிலை விளையும் ஊரில் குளிரைச் சாக்குச் சொல்லியிருக்கக் கூடாது). குடித்தேன். விரல்கள் துரோகிகளைப் போல நன்றாக மடங்கின.

சாக்பீஸை எடுத்தேன். பலகை பெரிதாக இருந்ததால் கையும் பெரிதாகவே வந்தது. எண்ணிப் பார்த்தேன், ஆறு விரல். ஒன்றை அழித்தேன். அழித்தது கட்டைவிரல். அதை எதிர்ப்பக்கம் ஒட்டவைத்தேன்.

"இஞ்சி சார்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"இல்லல, மாட்டு மடி!"

அந்தக் கண்ணராவியை மறைக்க ஒரே வழிதான் தோன்றியது. பலகையில் முதுகைச் சாய்த்து, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, புன்னகை செய்தேன்.

"ஏ, சாரும் சடையப்பன் கணக்காவே நிக்காவ!" என்றாள் பேச்சி.

அதற்குமேல் அந்த ஹாலில் எழுந்த சிரிப்பை, என் ஆயுசுக்கும் போட்ட எந்தப் படத்துக்கும் நான் வாங்கியதில்லை. சங்கரலிங்கம் சார்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கும்பிடாமலே இறங்கினேன். "பஸ்ஸு ரெண்டு மணிக்குல்லா சார், இப்ப பதினொண்ணுதான் ஆவுது!" என்று அவர் கத்தியது வெகுதூரம் கேட்டது.

உடுமலை தாண்டியபின் பின் சீட்டுக்காரர் தோளைத் தட்டினார். "ஏனுங்க, உங்க முதுகுல ஆரோ பலமா அறைஞ்சிருக்காங்க போல." கோட்டைக் கழற்றிப் பார்த்தேன். நான் வரைந்த கை, சாக்பீஸ் தூளோடு, அப்படியே பதிந்திருந்தது. "அறைஞ்சவனுக்குக் கட்டவெரலு எடம் மாறியில்லீங்க இருக்குது" என்று பரிதாபப்பட்டார் அவர்.

வீட்டுக்கு வந்ததும் சடையப்பனுக்கு மனதுக்குள் கருமாதியே செய்துவிட்டேன். அடுத்த வாரம் பத்திரிகை ஆசிரியர் ஆள் விட்டார். போனேன். மேஜையில் கார்டுக் கட்டு பிரிந்து கிடந்தது. இரண்டு வருஷத்தில் முதல் முறையாக!

"இதென்னங்க தம்பி, ஒரு எழுத்துகூடக் காணோம். அத்தனையும் கை!"

பிள்ளைகள் தங்கள் கையைக் கார்டின்மேல் வைத்து, சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்திருந்தார்கள். நாற்பது கார்டு, நாற்பது கை.

"ஆசீர்வாதமுங்க" என்றேன். எப்படி வாயில் வந்ததோ!

ஆசிரியர் உருகிப்போனார். "நாப்பது பேரு ஆசீர்வாதமா! அப்ப சடையப்பன் இன்னும் ரெண்டு வருசத்துக்கு ஓடட்டும்."

அடியில் கிடந்த கார்டில் மட்டும் முகவரிப் பக்கத்து ஓரத்தில் ஒரு வரி இருந்தது. நல்லவேளை, அவர் கண்ணில் படவில்லை. 'சார், இதைப் பார்த்து வரைந்துகொள்ளவும். பேச்சி, எட்டாம் வகுப்பு.'

பார்த்து வரையவில்லை. கட்டம் போட்டுச் சுருக்கி, அப்படியே காப்பியடித்தேன். ஐம்பது வயதுச் சடையப்பனுக்கு, முறுக்கு மீசைக்குக் கீழே, பதின்மூன்று வயதுப் பெண்ணின் கை முளைத்தது. விரித்த கை ஒன்றுதான் என்னிடம் இருந்ததால், சாப்பிட்டாலும் சண்டை போட்டாலும் அவன் பஸ்ஸை நிறுத்துபவனைப் போலவே நின்றான். மூன்றாம் வாரம் பேச்சியின் கார்டு வந்தது: 'சார், சடையப்பனுக்கு இருப்பது என் கை. மாங்காய் பறிக்க ஏறி விழுந்து கோணலான சுண்டுவிரல் அப்படியே இருக்கிறது.'

பிற்பாடு அந்தக் கதையைத் தெரியாத்தனமாக என் மனைவியிடம் சொல்லிவிட்டேன். வீட்டில் எந்த வேலைக்கும் நான் நழுவினால், "ஏனுங்க சடையப்பரே, கை இருக்குதுங்களா?" என்கிறாள். மகள் கல்யாண போட்டோவில் பழக்கதோஷத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றதை, வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறார்கள்.

பேச்சி இப்போது மலையில் தமிழாசிரியை. பொங்கலுக்கு ஒரு கார்டு தவறாமல் வரும். இந்த வருஷத்துக் கார்டில், 'பொருள்: இரவல் போன என் கையைத் திரும்பக் கோருதல் தொடர்பாக' என்று எழுதியிருந்தாள். சரி, கணக்கு நேர்படட்டும் என்று என் கையையே கார்டில் வைத்துக் கோடு இழுத்தேன். கை பெருத்துவிட்டது. கட்டைவிரலுக்குக் கார்டில் இடம் இல்லை. யார் பார்க்கப்போகிறார்கள் என்று அதை விட்டுவிட்டு அனுப்பினேன்.

பத்தாம் நாள் கார்டு திரும்பி வந்தது. விரல் இல்லாத வெற்றிடத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம்.