ஆறு முப்பத்தைந்து வண்டியும் அக்காவின் மலையும்

நேற்று மாலை ஏதோ ஒரு நிறுத்தத்தில், ஏதோ ஒரு பஸ்ஸின் பின்வாசலிலிருந்து இரட்டை விசில் கேட்டது. ஒன்று நீளம், ஒன்று குட்டை. பால் வாங்கப் போனவன் பாலை மறந்து நின்றேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் அந்த விசில் கேட்டால் எனக்குள் ஓர் ஆள் எழுந்து கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

அவரை நாங்கள் கண்டக்டர் என்று அழைத்தோம். பூந்தமல்லிக்கும் வந்தவாசிக்கும் நடுவே அவர் அனுமதி இல்லாமல் ஒரு பஸ்கூடக் கிளம்பியதில்லை. இத்தனைக்கும் ஆயுளில் ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தவர் அல்ல. ஒரகடம் தாண்டி வாலாஜாபாத் சாலையில், அப்போது சுற்றிலும் வேர்க்கடலைக் கொல்லையாக இருந்த இடத்தில், இரும்பு உதிரிபாகம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனி. அங்கே அவர் ஸ்டோர் கீப்பர், நான் லேத்தில், தாஸ் வெல்டிங்கில். மூவரும் ஸ்ரீபெரும்புதூரில் ஓர் ஓட்டு வீட்டின் பின்னறையில் குடியிருந்தோம். வருஷம் தொண்ணூற்றொன்று.

கண்டக்டர் தமிழ்ச் சமணர், வந்தவாசிப் பக்கத்து நயினார் வீட்டுப் பிள்ளை. பொழுது சாய்ந்தால் ஒரு பருக்கை வாயில் வைக்க மாட்டார். செகண்ட் ஷிப்ட் நாட்களில் ஐந்தரை மணிக்கு போல்ட் பெட்டிகளுக்குப் பின்னால் டிபன் பாக்ஸைத் திறந்து, ஜன்னல் வழியாகச் சூரியனை ஒரு கண்ணால் கண்காணித்தபடி, அதனுடன் பந்தயம் கட்டியதுபோலச் சாப்பிடுவார். அந்த நேரத்தில் வாஷர் கேட்டு வருகிறவனுக்கு அன்றைக்கு வாஷர் இல்லை.

பஸ் நிலையத்துப் பலகையில் எழுதியிருக்கும் நேரத்தை அவர் மதித்ததே இல்லை.

"தம்பி, போர்டுல கீறது ஆபீஸ் டைமு. வண்டி எடுக்கறது டிரைவரு டைமு. அவரு டீ குடிக்கறதுக்கு எத்தினி நிமிஷம், வெத்தல போடறதுக்கு எத்தினி நிமிஷம்னு தெரியாம இன்னா பயணம் போறே நீ?"

இதற்காகவே ஸ்டோரிலிருந்து ஒரு நீள நோட்டு. 'காஞ்சிபுரம் – வந்தவாசி, 6.35. டிரைவர் மூக்குப்பொடி. கிளம்புவது 7.00' என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தார். அந்த வருஷம் மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு எங்கள் ஊர் பஸ் நிலையத்தில் நோட்டும் கையுமாக நிற்பவனைப் போலீஸ் சும்மா விடுமா? ஒரு நாள் ஏட்டு ஒருவர் அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நானும் தாஸும் பதறி ஓடினோம். கண்டக்டர் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், எதிரே ஏட்டு.

"ஆரணிக்கு நேரா போவாதீங்க சார். செய்யாறு போயி மாறுங்க. பதினோரு மணி வண்டி டிரைவருக்கு அங்க மாமியார் வூடு. லேட்டாதான் எடுப்பாரு, ஒக்கார எடம் கெடைக்கும்."

ஏட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

ஆடி மாதம் ஒரு கார்டு வந்தது. கண்டக்டருடைய அக்காவைப் பற்றி. அம்மா இல்லாத வீட்டில் அவருக்குச் சோறு பிசைந்து ஊட்டி வளர்த்தவர். ஆறு வருஷத்துக்கு முன் துறவு வாங்கிக்கொண்டு, வெள்ளைப் புடவையும் மயிற்பீலியுமாக ஊர் ஊராக நடந்து போய்விட்டார். சமணத் துறவிகள் எந்த வண்டியிலும் ஏறுவதில்லை. மழைக்காலம் நாலு மாதம் மட்டும் ஓரிடத்தில் தங்குவார்கள். அந்த வருஷம் வந்தவாசிக்கு அப்பால், ஒரு மலைமேல் இருக்கும் மடத்தில் தங்குகிறார் என்றது கார்டு. தீபாவளி கழிந்ததும் வடக்கே கிளம்பிவிடுவார். திரும்ப இந்தப் பக்கம் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

"ஒரு வாட்டி அக்கா கையில சோறு வெக்கணும் தம்பி. அவ்ளோதான்" என்றார் கண்டக்டர்.

"அதுக்கு இன்னா, ஞாயித்துக்கெழம போயி வெச்சிட்டு வா கண்டக்டரே" என்றான் தாஸ்.

"ஒரு நாளைக்கு ஒரு வேளதான்டா. பத்து மணி சுமாருக்கு வருவாங்க, கொஞ்ச நேரத்துல உள்ள போயிடுவாங்க. குடுக்கறவன் குளிச்சி, யாரும் தொடாத துணி கட்டிக்கினு வாசல்ல நிக்கணும். அவங்க மனசுல ஒண்ணு நெனச்சிக்கினு வருவாங்க. தேங்கா வெச்சிக்கினு நிக்கறவங்ககிட்டதான்னு நெனச்சா தேங்காதான். இன்னா நெனச்சாங்கன்னு சொல்ல மாட்டாங்க. அது கண்ணுல படலன்னா அன்னிக்குப் பட்டினி."

"பட்டுச்சுன்னா?"

"உள்ள வந்து கையில வாங்கி சாப்புடுவாங்க. சோத்துல ஒரு முடி தென்பட்டா நிறுத்திடுவாங்க. பக்கத்துல யாருனா அழுதாகூட நிறுத்திடுவாங்க."

தாஸ் வேதக்காரன். கொஞ்சம் யோசித்தான். "எங்க கான்வென்ட்டு சிஸ்டருங்க பரவால்லப்பா. ஆட்டோலயே வந்து கேக்கு சாப்டு போறாங்க."

பிறகு தொடங்கியது ஒத்திகை. முதல் ஞாயிறு காஞ்சிபுரம் வரை போய்த் திரும்பினார். அடுத்த ஞாயிறு காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி வரை. மூன்றாவது, வழியில் ஏதாவது ஆனால் இருக்கட்டும் என்று செய்யாறு மார்க்கம். ஆவணி போயிற்று, புரட்டாசியும் போயிற்று. ஒரு ஞாயிறு மலையடிவாரத்துக்கே போய், முந்நூற்றுப் பன்னிரண்டு படி என்று கீழிருந்தபடியே எண்ணிக்கொண்டு திரும்பினார்.

"மேல அக்கா, கீழ நீ. படிய எண்ணிட்டு வந்தியா?" தாஸ் சிரித்துச் சிரித்துப் புரை ஏறினான்.

"இன்னிக்கு ஒத்திகதானே. குளிக்காம போயிட்டேன்."

தாஸ் வெளியே போனதும் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்.

"அக்கா தீட்ச வாங்குனப்ப நான் ஒரு நாள் லேட்டு தம்பி. கர்நாடகாவுல எங்கியோ ஒரு ஊரு. ரயில வுட்டுட்டேன். போயி சேந்தா பந்தலப் பிரிச்சிக்கினு கீறாங்க. எந்தப் பக்கம் நடந்து போனாங்கன்னு கேட்டேன். ஆளுக்கொரு பக்கம் கை காட்றானுங்க."

கடைசி ஞாயிறு நானும் வருகிறேன் என்றேன்.

"வா. நீ ஒசரம். ஜன்னல் வழியா துண்டு போட தோதா இருக்கும்."

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு. விடியலில் மழை விட்டிருந்தது, ஆனால் வானம் இன்னும் முடிவெடுக்கவில்லை. ஐந்து மணி வண்டியில் ஏறினோம். தோய்த்து உலர்த்திய வேட்டியும் மேல்துண்டும் ஒரு மஞ்சள் பையில். அதை யாரும் தொடக்கூடாது என்பதால் கண்டக்டர் வலது கையை உயர்த்தி, பையைத் தலைக்கு மேல் பிடித்தபடியே நின்றார். தீபாவளிக் கூட்டம் வேறு. சுங்குவார்சத்திரம் தாண்டியதும் நிஜக் கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"யோவ், கைய கீழ போடு. எறங்கணும்னு கேக்கறேன்னு நெனச்சி டிரைவரு ரெண்டு தடவ நிறுத்திட்டாரு."

"இது சாமி காரியம் சார். கை எறங்காது."

"அப்ப டிரைவரு கண்ணுல படாத எடமா போயி நில்லு."

காஞ்சிபுரத்தில் இறங்கும்போது ஆறு நாற்பது. கண்டக்டர் முகத்தில் வெற்றிக் களை. "இன்னும் இருவது நிமிஷம் கீது. நீ டீ சாப்புடு தம்பி" என்றார். அவர் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே வந்தவாசி வண்டி நிற்கும் இடத்தைப் பார்த்தேன். அங்கே ஈரத்தில் ஒரு காய்ந்த செவ்வகம் மட்டும் இருந்தது. பஸ் நின்றிருந்த இடம்.

கண்டக்டர் டைம் கீப்பர் அறைக்கு ஓடினார்.

"ஆறு முப்பத்தஞ்சு வந்தவாசி எங்க சார்?"

"ஆறு முப்பத்தஞ்சுக்குப் போயிடுச்சே."

"ஆறு முப்பத்தஞ்சு வண்டி எப்படி சார் ஆறு முப்பத்தஞ்சுக்குப் போவும்?"

டைம் கீப்பர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். "பழைய டிரைவர் லீவு. புதுசா ஒருத்தர் வந்தாரு, டயத்துக்கு எடுத்துட்டாரு."

"இது அநியாயம் சார். டயத்துக்கு எடுத்தா பப்ளிக் இன்னா பண்ணுவான்? கம்ப்ளெயின்ட் நோட்டு குடுங்க."

பஸ் நேரத்துக்குக் கிளம்பியதாக ஒரு புகாரை டைம் கீப்பர் தன் சர்வீஸில் பார்த்ததில்லை போலும். நோட்டை நீட்டிவிட்டு, என்ன எழுதப்போகிறான் என்று ஆவலாக எட்டிப் பார்த்தார். கண்டக்டர் பேனாவைத் திறந்தார். எழுதவில்லை. உயர்த்திய கையில் பை ஆடிக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒண்ணும் ஓடல தம்பி."

அந்த நீள நோட்டை நான்தான் அவர் தோள்பையிலிருந்து உருவினேன். மூன்றாவது ஞாயிறு, செய்யாறு மார்க்கம். "ஏழு மணிக்கு ஒரு வண்டி இருக்குண்ணே. செய்யாறுல மாறி, மலைக்கு மேற்கால இறங்கலாம்னு எழுதியிருக்கீங்க."

"அங்கேர்ந்து நாலு மைல் நடக்கணும்."

"நடக்கலாம்ணே."

"நடந்தா முடிஞ்சிடும். ஓடணும்."

ஓடினோம். செய்யாற்றில் மாறி, ஒரு புளியமரத்தடியில் இறங்கி, ஏரிக்கரை மேல் இரண்டு பேர் ஓடினோம். ஒருவர் தலைக்கு மேல் மஞ்சள் பை. சேற்றில் அவர் செருப்பு வார் அறுந்தது. இரண்டையும் கழற்றி வீசிவிட்டு ஓடினார். நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து, எங்களுக்குப் பின்னால் யார் துரத்துகிறார்கள் என்று பார்த்தார்கள். வாழ்க்கையில் நான் எத்தனையோ வண்டிகளைத் தவறவிட்டிருக்கிறேன். எதையும் அவ்வளவு நல்ல துணையோடு தவறவிட்டதில்லை.

மலையடிவாரத்தில் பத்து இருபது. முந்நூற்றுப் பன்னிரண்டு படியையும் எண்ணாமல் ஏறினார். மேலே பாறைச் சுனையில் நாலு சொம்பு நீரை ஊற்றிக்கொண்டு, வேட்டியைச் சுற்றியும் சுற்றாமலும் மடத்து வாசலுக்கு ஓடிவந்தார்.

அங்கே பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் வரிசையாக நின்றன. ஓர் அம்மாள் கையில் தேங்காய். ஒரு தம்பதி ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். ஒருவர் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரே தட்டில் பதினோரு பொருள் வைத்திருந்தார்.

"ரெண்டு சுத்து வந்துட்டாங்க, எங்கயும் நிக்கல" என்றாள் தேங்காய் அம்மாள் கவலையாக. "நேத்தும் சாப்பிடல. இதான் கடைசிச் சுத்து. நீங்க கையில ஏதாவது எடுத்துக்குங்களேன்."

கண்டக்டரால் எடுக்க முடியவில்லை. ஒரு கை அவிழப் பார்க்கும் வேட்டியைப் பிடித்திருந்தது. மறு கையை மட்டும் நெஞ்சுக்கு நேராக வைத்து, பாதிக் கும்பிடாக நின்றார்.

அக்கா வந்தார். சின்ன உருவம், வெள்ளைப் புடவை, மழித்ததுபோல் குட்டையான முடி, பார்வை நாலு முழம் முன்னால் தரையில். தேங்காயைக் கடந்தார். எலுமிச்சைகளைக் கடந்தார். பதினோரு பொருளையும் கடந்தார். கண்டக்டருக்கு முன்னால் நின்றார்.

ஒரு குருவி கத்தியது. யாரோ கண்டக்டரின் முதுகில் தட்டி, "சொல்லுங்க, அழைங்க" என்று கிசுகிசுத்தார்கள்.

"வந்தாமி மாதாஜி. மனம் சுத்தம். வாக்கு சுத்தம். காயம்…" கண்டக்டர் தன் கால் சேற்றைப் பார்த்தார். "காயம் இப்பதான் குளிச்சேன்."

"காயம் சுத்தம்னு சொல்லுங்க" என்றாள் தேங்காய் அம்மாள். சொன்னார். மாதாஜி உள்ளே போனார்.

குளிக்காத நான் ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரியவர் பக்கத்தில் நின்றேன். தேங்காய் அம்மாள் மடத்தில் சமைத்த பருப்புச் சோற்றுக் கிண்ணத்தைக் கண்டக்டரிடம் கொடுத்தாள். அவர் பிசைந்து முதல் கவளத்தை உருட்டினார். அக்கா இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். கவளம் உள்ளங்கையில் விழுந்தது. கண்டக்டரின் தாடை நடுங்க ஆரம்பித்தது. பக்கத்தில் யாராவது அழுதால் நிறுத்திவிடுவார்கள். அது எனக்கு நினைவு வந்த அதே நொடியில் அவருக்கும் வந்திருக்க வேண்டும். முகத்தைச் சோற்றிலிருந்து திருப்பிக்கொண்டு, கண்ணை அகல விரித்து, உதட்டுக்குள் ஏதோ முணுமுணுக்கத் தொடங்கினார்.

பெரியவர் காதைத் தீட்டினார். "என்ன ஸ்தோத்திரம் அது? பிராகிருதமா?"

எனக்குத் தெளிவாகக் கேட்டது. "வந்தவாசி எட்டு அஞ்சு. சேத்துப்பட்டு எட்டு நாப்பது. போளூரு ஒம்போது இருவது, டிரைவரு வெத்தல."

"ஆமாங்க, பிராகிருதம்தான்" என்றேன்.

ஒரு கவளத்துக்கு ஒரு பஸ். அவர் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தபோது மாதாஜி போதும் என்று கையைக் கழுவினார். ஒரு சொட்டுக் கண்ணீர் விழவில்லை.

பிறகு மாதாஜி ஒரு பலகையில் அமர்ந்தார். கண்டக்டர் முறைப்படி ஏழு முழம் தள்ளி உட்கார்ந்தார். மாதாஜி எல்லோரிடமும் பேசும் அதே நூல் தமிழில், அதே நிதானத்தில், "தாங்கள் எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள்?" என்று கேட்டார். "ஸ்ரீபெரும்புதூர் மாதாஜி" என்று கண்டக்டரும் ஊர்ப் பெயரை மட்டும் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னைக்கு மனசுல என்ன நினைச்சிருந்தீங்கம்மா?"

சுற்றியிருந்தவர்கள் என்னை முறைத்தார்கள். மாதாஜி சிரித்தார். "அதைச் சொல்வதற்கில்லை."

இன்றுவரை குடைகிறது. வேட்டியைப் பிடித்த கையா? செருப்பில்லாத காலா? பாதிக் கும்பிடா? அறைக்குத் திரும்பியபின் தாஸ் ஒரு நொடியில் தீர்ப்புச் சொன்னான்: "தேங்கா இல்லாத ஒருத்தன்னு நெனச்சிருப்பாங்க. பத்து பேரும் தேங்கா வெச்சிக்கினு நின்னா அவங்களுந்தான் இன்னா பண்ணுவாங்க." சில ஆண்டுகளில் கம்பெனி மூடியது, கண்டக்டர் எங்கே போனார் என்று கேட்டபோது எனக்கும் ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள். எங்கிருந்தாலும் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

அன்று மலையில் மறுபடி தூறல் பிடித்தது. கண்டக்டர் மூன்று முறை விழுந்து வணங்கினார். "தர்மம் பெருகட்டும்" என்று மாதாஜி மயிற்பீலியை உயர்த்தினார். விடைபெற்றாயிற்று. ஆனால் கண்டக்டர் முதல் படியில் நின்றுவிட்டார். பின்னால் மாதாஜி உள்ளே போக எழுந்தார். வாசல்வரை போய், திரும்பி, அந்த ஈரக் கற்களைப் பார்த்தார். அவர் குரலில் அதுவரை இருந்த நூல் தமிழ் இல்லை.

"படி வழுக்கும். பாத்து எறங்குடா."