பொட்டி மாமாவும் அமெரிக்கத் துருவும்

கடலூரில் துருவைத் தேடிக்கொண்டு அலைந்த ஒரே மனிதர் எங்கள் பொட்டி மாமாதான். மற்ற எல்லோரையும் துருதான் தேடிக்கொண்டு வரும். உப்புக்காற்று ஊர். இன்றைக்கு மாட்டிய கேட் அடுத்த மழைக்குள் முனகத் தொடங்கிவிடும். சைக்கிள், ஜன்னல் கம்பி, பீரோ பூட்டு என்று ஊரே எண்ணெயும் கையுமாகத் துருவை விரட்டிக்கொண்டிருக்க, இவர் மட்டும் காலி மாத்திரை டப்பாவும் பல் தேய்க்கிற பிரஷ்ஷுமாக அதைச் சேகரிக்கக் கிளம்புவார்.

மாமா என்றால் ரத்த உறவெல்லாம் இல்லை. திருப்பாதிரிப்புலியூரில் அவர் வீட்டின் கீழ்ப்பகுதியில் நான் குடியிருக்கிறேன். மாடியில் அவரும் அத்தையும். ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய நிஜப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தெருவில் யாருக்கும் தெரியாது. கூரியர்காரர்கூட "பொட்டி மாமா வீடு எதுங்க?" என்றுதான் கேட்டு வருவார்.

பொட்டி என்பது ரயில் பெட்டி. அதுவும் அமெரிக்க ரயில் பெட்டி. நிஜப் பெட்டியை எண்பத்தேழு மடங்கு சுருக்கினால் என்ன வருமோ அந்த அளவு. சரக்குப் பெட்டி ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். பயணிகள் பெட்டி பள்ளிக்கூட அடிஸ்கேல் நீளம் இருக்கும். அமெரிக்காவில் இருக்கும் அவருடைய தம்பி ஒருமுறை ஊருக்கு வந்தபோது, பக்கத்து வீட்டுக் குழந்தையின் பிறந்தநாளுக்கென்று ஒரு சரக்குப் பெட்டி வாங்கிவந்தார். மாமா அதைப் பிரித்துப் பார்த்தார். அந்தப் பெட்டி இன்றுவரை அந்தக் குழந்தையிடம் போய்ச் சேரவில்லை. குழந்தை இப்போது என்ஜினியரிங் படிக்கிறது.

அந்த ஒரு பெட்டியைப் பார்த்து, இணையத்தில் படங்களைத் தேடி, பிளாஸ்டிக் தகடும் கம்பியும் அட்டையும் கொண்டு மாமா மற்ற பெட்டிகளைத் தானே செய்ய ஆரம்பித்தார். மாடியில் ஓர் அறை முழுக்கத் தண்டவாளம். நிலக்கரி ஏற்றும் பெட்டி, எண்ணெய் டேங்கர், ஐஸ் வைத்துப் பழம் ஏற்றும் பெட்டி, கண்ணாடிக் கூரை போட்ட பயணிகள் பெட்டி, மேஜை விரிப்போடு சாப்பாட்டுப் பெட்டி. சரக்கு ரயிலின் கடைசியில் கேபூஸ் என்று சிவப்பாக ஒரு குட்டிப் பெட்டி. கார்டும் அவருடைய ஆட்களும் அதிலேயே சமைத்து அதிலேயே படுத்துக்கொள்வார்களாம். அந்தக் காலத்து ரயில் என்பதால் கேபூஸ் இல்லாமல் வண்டியை நகர்த்தவே மாட்டார்.

"நம்ம ஊரு ரயிலுக்கு என்னா மாமா கொற?" என்று கேட்டேன்.

"நம்ம ஊருல ஒரு சரக்கு வண்டி போனா, மொதப் பொட்டியப் பாத்தா கடேசிப் பொட்டிய பாத்த மாதிரி. அங்க அப்பிடி இல்ல மாப்ள. பொட்டிக்குப் பொட்டி வேற கம்பெனி, வேற கலரு. ஒரே கல்யாணத்துக்குப் போற சம்பந்திக் கூட்டம் மாதிரி இருக்கும்."

அமெரிக்காவை அவர் பார்த்ததில்லை. பாஸ்போர்ட்கூட எடுத்ததில்லை. ஆனால் எந்தப் பெட்டிக்கு எந்தப் பக்கம் ஏணி என்பதில் ஒரு ஆணி பிசகினாலும் சோறு இறங்காது. உலகத்தையே எண்பத்தேழால் வகுத்துத்தான் பார்ப்பார். ஒருநாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ ரெண்டு சென்டிமீட்டர்கூட வரமாட்ட" என்றார். என் வாழ்க்கையில் என்னை அவ்வளவு சுருக்கமாக யாரும் அவமானப்படுத்தியதில்லை.

அத்தைக்கு அந்த அறையே ஆகாது. வாசலோடு நின்று "காபி ஆறுது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். காரணம் இருக்கிறது. அத்தையின் பிறந்த வீடு சிதம்பரம் மேல வீதி. அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்கு இருவரும் ரயிலில் கிளம்பினார்கள். ஸ்டேஷனில் எதிர்த் தண்டவாளத்தில் ஒரு சரக்கு ரயில் நின்றது. மாமா அதன் சக்கரத்தைக் குனிந்து பார்க்கப் போனார். பார்த்து நிமிரும்போது அத்தை ஏறிய ரயில் போய்விட்டது. பட்டுப்புடவையும் சீர்வரிசையும் இருந்த பை மாமாவின் தோளில். அண்ணன் வீட்டுக் கல்யாணத்தில் அத்தை சுங்குடிச் சேலையோடு நின்றார். அன்றிலிருந்து மாமாவோடு எங்கே போனாலும் பஸ்தான்.

சரி, துருவுக்கு வருவோம். ஒரு பெட்டி செய்து, வண்ணம் அடித்து, பளபளவென்று வந்ததும் நாமாக இருந்தால் கண்ணாடி அலமாரியில் வைப்போம். மாமாவுக்கு அதற்குப் பிறகுதான் வேலையே ஆரம்பம். அதை அழுக்காக்குவார். வெயிலில் வெளுத்த மாதிரி, மழையில் ஒழுகிய மாதிரி, கதவிடுக்கில் துரு இறங்கிய மாதிரி. நிஜ ரயில் அப்படித்தானே இருக்கும்! இதற்கென்றே பொடிகள் விற்கிறார்களாம். மாமா ஒப்புக்கொள்ள மாட்டார். நிஜத் துருவே வேண்டும். அதற்காகத் துறைமுகத்துக்குப் போய், கரையேற்றி வைத்திருந்த ஒரு பழைய விசைப்படகின் ஓரத்தில் உட்கார்ந்து பிரஷ்ஷால் சுரண்டியிருக்கிறார். கூடப் போயிருந்த நான் தூரமாக நின்றுகொண்டேன். படகுக்காரர் வந்துவிட்டார்.

"யோவ், என்னாய்யா பண்ற?"

"ஒண்ணுமில்லீங்க. கொஞ்சம் துரு எடுத்துக்குறேன்."

படகுக்காரர் அவரையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். "எதுக்கு, மருந்துக்கா?"

"ரயிலுக்குங்க."

"ரயிலுக்கு இது ஒண்ணுதான் கொறச்சலா? எடுத்துக்க. அந்தப் பக்கம் இன்னும் ஜாஸ்தியா இருக்கு. மிச்சம் வெக்காம எடுத்துக்க சாமி!"

மாமா அந்தத் துருவை அம்மியில் அரைத்து, துணியில் சலித்து, மெல்லிய தூரிகையால் பெட்டிகளில் ஏற்றினார். ஒரு பெட்டிக்கு ஒரு வாரம் பிடிக்கும். மேலே வார்னிஷ் அடித்தால் துருவின் உயிர் போய்விடும் என்று அப்படியே விட்டுவிட்டார். வெறும் தூள்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. யாராவது பக்கத்தில் போய்த் தும்மினால் தீர்ந்தது கதை. ஒருமுறை நான் தும்மிவிட்டேன். தீபாவளி வரை என்னோடு பேசவில்லை.

அந்தத் துருவைப் படம் எடுத்து, ரயில் பொம்மைப் பைத்தியங்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் போட்டார். சென்னையில் இருந்த பெரிய ஆட்களெல்லாம் வியந்துபோனார்கள். ஆனால் ஒருவர் மட்டும், "இது நிஜப் பெட்டியின் போட்டோவாக இருக்கும்" என்று எழுதிவிட்டார். அதிலிருந்து மாமாவுக்கு ஒரே ஆசை. விஷயம் தெரிந்தவர் ஒருவர் நேரில் வந்து, கண்ணால் பார்த்து, 'இது நீங்கள் செய்ததுதான்' என்று சொல்ல வேண்டும். ஊரெல்லாம் பொம்மை ரயில் என்கிறது. ஒருவராவது ரயில் என்று சொல்லட்டும் என்பார்.

அதற்கும் வேளை வந்தது. சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பொழுதுபோக்குக் கண்காட்சி. தபால்தலை, பழைய நாணயம், தொட்டியில் வளர்த்த குட்டி ஆலமரம், நடுவே மாமாவின் ரயில். ஆயுத பூஜை முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை. போட்டோ என்று சொன்ன அந்தச் சென்னைக்காரரே வருகிறார். மாமா புதுச் சட்டை தைத்துக்கொண்டார்.

ஆயுத பூஜை அன்று காலை பொரியும் பூசணிக்காயும் வாங்க மாமா மஞ்சக்குப்பம் போயிருந்தார். சுண்டல் வாங்கிக்கொள்ள அத்தை கூப்பிட்டார் என்று நான் மாடிக்குப் போனேன். மொட்டை மாடியில் ஒரு வெள்ளைத் துண்டு விரித்திருந்தது. அதன்மேல் வரிசையாக அமெரிக்கப் பெட்டிகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் ஷாம்பு பாக்கெட், பிரஷ், வாளியில் செம்பழுப்பாகத் தண்ணீர். மூன்று மழைக்கால உழைப்பு அந்த வாளியில் இருந்தது.

"என்னா அத்தை இது?"

"பாத்தியா தம்பி, என்னா பளபளன்னு இருக்குது! எம்மாந் துரு, எம்மாந் துரு! தேச்சுத் தேச்சுக் கை வலி கண்டுபோச்சு" என்றார் அத்தை. அந்த ரயிலை அவர் கையால் தொட்டதை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். "எங்க அண்ணன் வந்து பாப்பாரு. அண்ணி வருவாங்க. மேல வீதியே வரும். இப்பிடி அழுக்குப் பொட்டிய எடுத்தாந்து வெச்சா உங்க மாமாவ என்னான்னு நெனைப்பாங்க? பொண்டாட்டி ஒரு துணி எடுத்துத் தொடைக்கலியான்னு கேக்க மாட்டாங்களா?"

அத்தை ஒவ்வொரு பெட்டியையும் உள்ளே எடுத்துப்போய்த் தண்டவாளத்தில் வைத்து, ஈர்க்குச்சி நுனியால் சந்தனம் வைத்து, அதன்மேல் கடுகளவு குங்குமம் வைத்தார். கேபூஸுக்குக் கொஞ்சம் பெரிய பொட்டு.

கீழே கேட் முனகியது. மாமா பூசணிக்காயை அணைத்துக்கொண்டு படியேறி வந்தார். அறை வாசலில் நின்றார். ரயிலைப் பார்த்தார். நான் ஓடிப்போய்ப் பூசணிக்காயைப் பிடித்துக்கொண்டேன். அது என் காலில் விழும் என்று பயம்.

தும்மலுக்கே தீபாவளி வரை பேசாத மனிதர். இதற்கு எத்தனை தீபாவளியோ என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அத்தையோ புதுச் சேலை கட்டி, பரீட்சை எழுதிவிட்டு மார்க்குக்குக் காத்திருப்பவர்போல நின்றார். மாமா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து என்ஜினின் சக்கரத்தைப் பார்த்தார். அங்கே பச்சையாக ஏதோ இருந்தது.

"இது என்னா?"

"வண்டிக்கு எலுமிச்சம்பழம் வெக்கணும்ல? வெச்சுப் பாத்தேன். எஞ்சினே மறைஞ்சுபோச்சு. அதான் சுண்டக்கா வெச்சேன்."

மாமா சுண்டைக்காயை எடுத்து, சட்டைப் பையில் இருந்த அளவுகோலில் வைத்தார். உதடு அசைந்தது. எண்பத்தேழால் பெருக்குகிறார்.

"எலுமிச்சம்பழத்துக்கு ரொம்பப் பெருசு. ஆனா பெரிய பூசணிக்காய்க்கு சரியா வருது" என்றார். சுண்டைக்காயைப் பழைய இடத்திலேயே வைத்தார். "நல்லா இருக்கு. கற்பூரத்த ஏத்து. நல்ல நேரம் போவுது."

பூஜை முடிந்து ரயிலை ஓட்டினோம். என்ஜின் சுண்டைக்காயை நசுக்கவில்லை. சுண்டைக்காய்தான் என்ஜினைக் கவிழ்த்தது. அத்தை கைதட்டிச் சிரித்தார்.

அத்தை சமையலறைக்குப் போனதும், "ஞாயித்துக்கெழமைக்குள்ள மறுபடியும் துரு ஏத்த முடியாதா மாமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஒரு பொட்டிக்கே ஒரு வாரம் ஆவும். ஆவலன்னாலும், அவ கழுவி வெச்சதுல அவ கண்ணு முன்னாடி நான் எப்பிடிடா அழுக்கு பூசுவேன்?"

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம். சென்னைக்காரர் வந்தார். கழுத்தில் பூதக்கண்ணாடி. குனிந்து ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தார். அத்தை பட்டுப்புடவையில் மாமாவுக்குப் பக்கத்திலேயே நின்றார். பின்னால் அத்தையின் வாத்தியார் அண்ணனும் மேல வீதியும்.

"சார், போட்டோல பாத்த துரு எங்க?" என்றார் சென்னைக்காரர்.

ஏணியில் ஓர் ஆணி பிசகினால் சோறு இறங்காத மாமா, அத்தையை ஓரக்கண்ணால் பார்த்தார். "இது வேற செட்டுங்க. பேக்டரியிலேருந்து மொத நாள் வெளிய வர்ற வண்டி."

"அமெரிக்காவுல சந்தனப் பொட்டு வெச்சா வெளிய அனுப்புறாங்க?"

"எல்லா கம்பெனியும் இல்லீங்க. இந்த கம்பெனி மொதலாளியோட சம்சாரம் சிதம்பரத்துக்காரங்க."

சென்னைக்காரர் சிரிக்கவில்லை. "ரொம்ப சுத்தமா இருக்கு" என்றார். அந்த உலகத்தில் அது பாராட்டு இல்லை. அன்று பார்த்தது நிஜப் பெட்டியின் போட்டோதான் என்று முடிவு கட்டியவர்போலத் தலையை ஆட்டிவிட்டு, குட்டி ஆலமரத்தின் பக்கம் போய்விட்டார். மாமா காத்திருந்தது அவ்வளவுதான். முடிந்துவிட்டது. மாமா சும்மா ஒரு பெட்டியை எடுத்து வைத்தார், மறுபடி எடுத்து வைத்தார். எனக்கு அந்தச் சென்னைக்காரரைத் தரதரவென்று இழுத்துவந்து வாளித் தண்ணீரைக் காட்ட வேண்டும்போல இருந்தது.

அப்போதுதான் மேஜையின் மறுபக்கம் போயிருந்த அத்தையின் குரல் கேட்டது. அண்ணி ஏதோ கேட்க, அத்தை பெட்டி பெட்டியாக விரலை நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். "இது ஹாப்பரு. அடியில கதவு இருக்கும், தொறந்தா நிலக்கரி கொட்டிரும். இது ஐஸ் வெச்சுப் பழம் ஏத்துற பொட்டி, மேல மூடி தெரியுதா? இது கேபூஸ் அண்ணி. கார்டு இதுலயேதான் சமைச்சு இதுலயேதான் படுத்துக்குவாரு. இது இல்லாம வண்டி நகராது." வாசலோடு நின்று காபி ஆறுகிறது என்று சொன்னவர் எப்போது இதையெல்லாம் கேட்டுக்கொண்டார் என்று தெரியவில்லை. மாமா கையில் எடுத்த பெட்டியைக் கீழே வைக்க மறந்து நின்றார்.

வாத்தியார் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அடேயப்பா, நெசமான ரயிலு மாதிரியே செஞ்சிருக்காரேம்மா" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். மூன்று பேர் சீட்டில் நாங்கள் மூவரும். அத்தை ஏறிய உடனே மாமாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

"வருத்தமா மாமா?" என்றேன்.

"வருத்தம் இல்லாம? அழுவாத கொறதான்" என்றார். "மெதுவா பேசு. காலைலேருந்து நின்னுக்கிட்டே இருந்தா. தூங்கட்டும்."

அத்தை சாய்ந்திருந்ததால் அவரால் கையை அசைக்க முடியவில்லை. மடியில் இருந்த அட்டைப்பெட்டி நழுவியது. யாரையும் தொடவிடாத அந்த ரயிலை, "நீ வெச்சுக்க மாப்ள" என்று என் பக்கம் தள்ளிவிட்டார். ஆலப்பாக்கத்தில் ஏறிய ஒருவர் மூட்டையை என்மேல் சாய்த்தார். "யோவ், பாத்து! உள்ள ரயிலு இருக்கு!" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தியது நான்தான். இந்த மனிதரை எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கடலூர் வந்து இறங்கும்வரை அந்தப் பெட்டியை யாரும் தொட நான் விடவில்லை.