கோபுர உருண்டைக்குள் போய்விட்ட கடிதம்

ஹாசல்பெக்,
வியாழன், 16 செப்டம்பர் 1909

பேரன்புள்ள மெக்டில்ட் அக்காவுக்கு,

தம்பி லூடால்ஃப் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும், குதிரைகளும், இடது முழங்காலைத் தவிர மற்ற அவயவங்களும் சுகம். ஹாம்பர்க்கில் நீயும் அத்தானும் அவ்வாறே இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன்.

உன் கடிதம் நேற்று வந்தது. "எழுபதாவது பிறந்தநாளுக்குத் தம்பி ஏதோ எழுதியிருக்கானேன்னு ஆசையா கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு உட்கார்ந்தேன். மாட்டுச் சந்துச் சாக்கடைத் தீர்மானம் ஏழுக்கு ஐந்து வாக்குல நிறைவேறிச்சுன்னு ஆரம்பிக்குது. முப்பத்தாறு பக்கம்! உனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டிருக்கிறாய். உடம்புக்கு ஒன்றுமில்லை அக்கா. புத்திக்குத்தான்.

இந்தக் கோடையில் தேவாலயக் கோபுரத்துக்குப் புதுக் கூரை போட்டோம். உச்சியில் இருக்கும் செம்பு உருண்டையை இறக்கினார்கள். அதற்குள் பிசாசு குடியிருக்கிறது என்று நீ சொல்லி, நான் ஏழு வயது வரை அந்தப் பக்கம் தலைநிமிராமல் நடந்தேனே, அதே உருண்டைதான். உள்ளே 1811-இல் வைத்த தகரக் குழாயும் பத்துத் தாள்களும் இருந்தன. சந்தைத் திடலில் ஊரே கூடி நிற்க, நகரமன்ற உறுப்பினனும் ஊர் வரலாறு எழுதுபவனுமாகிய நானே வாசித்தேன். ஒன்பது தாள்களில் பிரெஞ்சுப் படைகள், வரிகள், மேயர்களின் பெயர்கள். ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள். பத்தாவது தாளில் அந்தக் காலத்துக் கோயில் எழுத்தர் தன் கதையாக நாலு வரி எழுதியிருந்தார். படைவீரர்கள் எங்கள் பசுவை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள், என் மனைவி எல்ஸபே வெறும் தொழுவத்தில் நின்று அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள், அது வராது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான். மேயர் க்ரோனெமான்கூட மூக்கைச் சிந்தினார்.

அடுத்த நூறு வருடத்துக்காக நம் காலத்தை எழுதி உள்ளே வைக்கும் பொறுப்பு என்னுடையது. முப்பத்தொரு வருட நகரமன்ற உழைப்பை முப்பத்தாறு பக்கத்தில் அடக்கினேன். அதே வாரம் உனக்குப் பிறந்தநாள் கடிதமும் எழுதினேன். பேனாவை எடுத்தால் நிற்கவில்லை அக்கா. பனிக்காலத்தில் நாம் இருவரும் ஒரே கம்பளிக்குள் சுருண்டுகொண்டு அப்பாவின் குதிரைவண்டிச் சத்தத்துக்குக் காத்திருந்தது, நீ ஆற்றில் விலாங்கு மீனைப் பிடித்து என் சட்டைக்குள் விட்டது, வேதபாடத் தேர்வில் க்ரோனெமான் பயத்தில் கால்சட்டையை நனைத்தது, எல்லாம் வந்து விழுந்தன. இரண்டையும் தனித்தனியே சுருட்டி, ஒரே மாதிரி நூலால் கட்டி, மேசைமேல் வைத்தேன். கோபுரத்துக்குப் போக வேண்டியது உன்னிடம் வந்துவிட்டது. உனக்கு எழுதியது குழாய்க்குள் போய், ஈயம் பற்றவைக்கப்பட்டு, பாதிரியாரின் ஜெபத்தோடு உச்சியில் ஏறிவிட்டது!

க்ரோனெமானின் கால்சட்டையைக்கூட விடு. அதில் ரோஸ்வீதாவைப் பற்றி எழுதியிருக்கிறேன். 1861 அறுவடை விழாவில் முதல் நடனம் எனக்கென்று வாக்குக் கொடுத்துவிட்டு, வராமல் என்னைக் களத்து வாசலில் நிற்கவைத்த மனசாட்சி இல்லாதவள் என்று. மறு வருடம் மருந்துக்கடைக்காரரைக் கட்டிக்கொண்டாள். அவர் போன பிறகு கடையை அவளே நடத்துகிறாள். இருமல் மருந்துக்கு வாரம் இருமுறை அங்கேதான் போகிறேன், இருமல் இல்லாத வாரங்களிலும். 2009-இல் எவனோ ஒருவன் அதே திடலில் நின்று, அவளுடைய கொள்ளுப் பேரப் பிள்ளைகள் முன்னால் இதை வாசிக்கப் போகிறான்.

கூரை வேலை பார்க்கும் பார்த்தோல்டிடம் ஓடினேன். "ஐயா, ஜெபம் பண்ணி ஏத்தினதை இறக்குறதுக்கு எனக்கு ரெண்டு தலையா இருக்கு? மேயர் சொன்னா இறக்குறேன்" என்றான். மேயரிடம் ஓடினேன். உண்மையைச் சொல்ல முடியுமா? ஒரு காற்புள்ளி விட்டுப்போச்சு, திறக்கணும் என்றேன்.

"பண்ணையாரே, சாக்கடைத் தீர்மானத்துக்கே நாலு மாசம் காற்புள்ளி வெச்ச ஆள் நீங்க. இது நூறு வருஷம் பொறுக்கட்டும்" என்றார்.

எதனாலோ எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரியே இருக்கிறது. அடுத்த புதன்கிழமை சாரத்தைப் பிரிக்கிறார்கள். ஆகவே அக்கா, அந்த முப்பத்தாறு பக்கத்தை உடனே ரயில் தபாலில் திருப்பி அனுப்பு. அதைக் காட்டி, குழாய்க்குள் வேறு தாள் போய்விட்டது என்றால் மேயர் நம்புவார். அதை வைத்து அடுப்பு மூட்டியிருந்தால் தந்தி கொடு, நினைவிலிருந்து எழுதிக்கொள்கிறேன்.

அத்தானின் மூட்டுவலிக்கு என் அனுதாபங்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தலைக்கு ஒரு முத்தம். எழுபதுக்குப் பின்னும் உனக்கு நிறைய ஆண்டுகளை ஆண்டவர் தரட்டும்.

உன் சொல்பேச்சு கேட்கும் தம்பி,
லூடால்ஃப்

பின்குறிப்பு, வெள்ளி காலை: எதையும் அனுப்பாதே. பார்த்தோல்ட், குழாயைப் பற்றவைக்கும் முன் தாளில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கப் பிரித்தவன், சாரத்தில் உட்கார்ந்து வேலையாட்களுக்கு முழுதும் வாசித்துக் காட்டியிருக்கிறான். பதினொரு நாளாக ஊருக்கே தெரியும். சற்று முன் ரோஸ்வீதா நேரே வந்துவிட்டாள்.

"ஏன் லூடால்ஃப், நான் வரலைன்னா எழுதி வெச்சிருக்கே? எங்கப்பா என் காலணியை அலமாரியில வெச்சுப் பூட்டிட்டாரு. வெறுங்காலோட ஓடி வந்தேன். நீ மாவு மில்காரன் பொண்ணோட சுத்திச் சுத்தி ஆடிக்கிட்டு இருந்தே. அதை ஏன் எழுதலை?"

ஆமாம் அக்கா, ஆடினேன். ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகு, என்னை அந்த மில்காரன் மகள் பக்கம் தள்ளிவிட்டது நீதான்.

கடிதம் உள்ளேயே இருக்கட்டும் என்கிறாள், ஆனால் பிழையோடு இருக்கக்கூடாதாம். மேயரும் தலையாட்டிவிட்டார். இன்று மாலை உருண்டையைத் திறக்கிறோம். திருத்தத்தை நான் எழுதித் தருகிறேன் என்றேன். நம்பமாட்டாளாம், தன் கையாலேயே எழுதுவாளாம். எத்தனை வரி வரும் என்று கேட்டேன்.

"நாற்பத்தெட்டு வருஷம் இருக்கு. மையை நிறையக் கொண்டு வா" என்றாள்.