கூண்டு முசேயும் வராத புயலும்

புயல் வராத ஊரில் புயலுக்காகவே வாழ்ந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் சைகோனில், பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்த எங்கள் சந்தில், கடைசி வீட்டில் குடியிருந்தார்.

அவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் கூண்டு முசே. காரைக்கால்காரர்களுக்கு முசே என்றால் ஐயா. கூண்டு என்பது, உங்கள் ஊர்த் துறைமுகத்தில் ஏற்றுகிறார்களே, அதே புயல் கூண்டு. இளவயதில் காரைக்காலில் கூண்டு ஏற்றினார். பிறகு கப்பலேறி வந்து சைகோன் ஆற்றங்கரைக் கொடிமரத்தில் ஏற்றினார். பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனபோது அவருடைய வேலையும் போயிற்று. பழக்கம் மட்டும் போகவில்லை. வீட்டு வாசலில் முப்பதடி மூங்கில் ஒன்றை நட்டு, கப்பி போட்டு, கயிறு கட்டி, எங்கள் சந்துக்கென்று தனியாக ஒரு துறைமுகம் தொடங்கினார். கப்பல்தான் இல்லை.

சைகோனுக்கு அநேகமாகப் புயல் வருவதில்லை. அது கரையேறுவதெல்லாம் வடக்கிலும் நாட்டின் நடுப்பகுதியிலும்தான். எங்களுக்கு வருவது மழை. அதுவும் ஐப்பசி பாதியில் ஓய ஆரம்பித்துவிடும். கூண்டு முசே புயல் காலத்தைக் காரைக்கால் கணக்கில் வைத்திருந்தார். ஐப்பசி பிறந்தால் காப்பு, மார்கழி பிறந்தால்தான் விடுதலை. ஆகவே, பக்கத்து வீட்டு வியட்நாமியப் பெண்மணி பா ஹாய் வானத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாக மீனைக் காயப்போடும் நாட்களில், நாங்கள் கூரைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருப்போம்.

புயலை அறிய அவரிடம் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று, காற்றழுத்தம் காட்டும் பித்தளை பாரோமீட்டர். இன்னொன்று, அவருடைய இடது முழங்கால். இரண்டும் ஒத்துப்போனால் கூண்டு ஏறும். ஒத்துப்போகாவிட்டால் முழங்கால் சொன்னதே தீர்ப்பு.

கூண்டுக்கு அவர் பயன்படுத்தியது பா ஹாயின் கோழிக்கூடைகள். ஒரு கூடை ஏறினால் தண்ணீர் பிடித்து வை. இரண்டு ஏறினால் கூரையைக் கட்டு, சட்டி பானையை உள்ளே எடு. மூன்று ஏறினால் வீட்டைப் பூட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடு. சந்திலேயே கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய கட்டடம் அது ஒன்றுதான். இதற்காகப் பள்ளிவாசல் காவலரிடம் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்.

"மூணாங் கூண்டு ஏத்துனா நாங்க நாப்பது பேரு வருவோம் பாய். வேதக்காரங்க, இந்துக்காரங்க எல்லாந்தான்."

"தாராளமா வாங்க முசே. செருப்ப மட்டும் வெளியில விட்டுருங்க."

"புயல்ல செருப்பு பறந்துருமே பாய்?"

"அப்ப கக்கத்துல வச்சுக்கிட்டு வாங்க."

இந்த ஒப்பந்தத்தை அவர் சந்து முழுக்க அறிவித்தார். செருப்பு விவரம் உட்பட.

ஒருநாள் பாரோமீட்டரும் முழங்காலும் ஒரே நேரத்தில் இறங்கிவிட்டன. அவசரத்தில் கூடையைத் தூக்கிக் கட்டி மடமடவென்று மேலே ஏற்றினார். உள்ளே முட்டையிட உட்கார்ந்திருந்த கோழியும் சேர்ந்து ஏறியது. முப்பதடி உயரத்தில் அது போட்ட கூச்சலில் சந்தே கூடியது.

"த்ரோய் ஓய்!" என்று பா ஹாய் தலையில் கை வைத்தார். கடவுளே என்று அர்த்தம். எங்களோடு பழகிப் பழகி அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும். "முசே! என் கோழி! எறக்கு! எறக்கு!"

"ஏத்துன கூண்ட காத்து அடங்காம எறக்கப்படாதும்மா. அதான் சட்டம்."

"கோழிக்குச் சட்டம் தெரியாது!"

சட்டம் வென்றது. கோழி மறுநாள் காலைதான் தரை இறங்கியது. ஒரு வாரம் அது முட்டை இடவில்லை. பா ஹாய் ஒரு மாதம் அவருடன் பேசவில்லை. புயல் வரவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

என் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். அப்பாவுக்கு ஒரு வங்கியின் வாசலில் காவல். அம்மாவுக்குக் கையெழுத்து, கட்டைவிரல். எனவே நான் பதினேழாம் வயதில் பிரெஞ்சுப் பள்ளியின் பரீட்சையில் தேறி வாங்கி வந்த சான்றிதழை அப்பா கண்ணாடிச் சட்டம் போட்டு, மாதா படத்துக்கு ஒரு சாண் மேலே மாட்டினார். கூண்டு முசே பார்த்தார். மாதா படத்தைக் கும்பிட்டார். சான்றிதழைக் கழற்றினார்.

"முசே, அத ஏன் கழட்டுறீங்க?" என்றேன். எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் என்னைப் பிரெஞ்சு மரியாதையில் மத்மசேல், அதாவது செல்வி, என்றுதான் கூப்பிடுவார்.

"மத்மசேல், சொவத்துல தொங்குறதத்தான் காத்து மொதல்ல கேக்கும். செர்த்திபிக்காவ மாட்டுறதுக்கா படிச்ச?"

தன் கையாலேயே பிஸ்கட் தகரத்தில் வைத்து, மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றினார். சந்தில் இருந்த அத்தனை பேரின் பிறப்புச் சீட்டு, கல்யாணச் சீட்டு, பிரெஞ்சுக் குடியுரிமைத் தாள் எல்லாம் அப்படித்தான் மெழுகுக்குள் கிடந்தன. யாராவது ஒரு தாளைக் காட்டச் சொன்னால் முதலில் அடுப்பு பற்ற வைக்க வேண்டும்.

அவர் சொன்னவற்றைக் கோமாளித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். இப்போது உங்கள் கரையில் புயல் மாதம். மூன்று நாளைக்கான நல்ல தண்ணீரை மூடி வையுங்கள். அடுப்பு எரியாது, அதனால் அவலும் பொரிகடலையும் வேண்டும். கூரைக்கு மேல் சாய்ந்த தென்னை மட்டையை இப்போதே வெட்டுங்கள். முற்றத்தில் கிடக்கும் அம்மிக்குழவியைத் தவிர மற்றதெல்லாம் பறக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அடித்துக்கொண்டிருந்த காற்று சட்டென்று நின்று வானம் வெளுத்தால் வெளியே வராதீர்கள். அது புயலின் கண். காற்று முதலில் வடக்கேயிருந்து அடித்திருந்தால், கண் கடந்ததும் தெற்கேயிருந்து அடிக்கும். செத்தவர்களில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்பார் முசே.

இதற்கு ஒத்திகையும் உண்டு. விசில் ஊதினால் அனைவரும் வீட்டுக்குள். விசில் நின்றால் கண். மறுபடி ஊதி முடிக்கும்வரை யாரும் தலை காட்டக் கூடாது. ஒருமுறை, கல்யாணமாகி வந்து பத்து நாளே ஆன மூன்றாம் வீட்டு மருமகள், விசில் நின்றதும் துணி எடுக்க வெளியே வந்துவிட்டாள்.

"நீ செத்துட்ட" என்றார் முசே.

"என்ன முசே, துணிதானே எடுக்க வந்தேன்..."

"செத்தவங்க பேசப்படாது."

அவளுடைய மாமியார் சன்னல் வழியாகக் கேட்டாள்: "செத்தவ சோறு வடிக்கலாமா முசே?"

அவர் சற்று யோசித்தார். "அத மட்டும் செய்யலாம்."

இப்படி ஐந்தாறு ஐப்பசிகள் போயின. அதற்குள் ஊர் மாறிவிட்டது. அமெரிக்க ஜீப்புகள் வந்தன. அதிபர் அரண்மனைப் பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. ஊரடங்கு வந்தது. சைகோனில் இருந்த எல்லோரும் ஏதோ ஒன்றுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். புயலுக்குத் தயாரானவர் ஒருவர்தான். அந்தக் கார்த்திகையில் முழங்கால் சொன்னது என்று அவர் இரண்டாம் கூண்டை ஏற்றினார். அந்தி நேரத்தில் கூண்டு கண்ணுக்குத் தெரியாது என்பதால், கூடவே ஒரு சிவப்பு விளக்கையும் கட்டினார்.

பத்து நிமிஷத்தில் போலீஸ்காரர்கள் வந்தார்கள். மூங்கிலை வெட்டிச் சாய்த்தார்கள். கூடை, விளக்கு, பாரோமீட்டர், கூரை கட்ட வைத்திருந்த நூறு முழம் கயிறு எல்லாவற்றையும் சாட்சியாக எடுத்துக்கொண்டு, அவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கலகக்காரர்களுக்கு அவர் விளக்கு காட்டினாராம். அந்த நாட்களில் அப்படி ஏற்றிக்கொண்டு போனவர்களில் எத்தனையோ பேர் வீடு திரும்பவில்லை.

சந்து என் வாசலில் வந்து நின்றது. தமிழ், பிரெஞ்சு, வியட்நாமியம் மூன்றையும் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எனக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. மறுநாள் காலை, மடித்து வைத்திருந்த வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு அப்பாவுடன் போலீஸ் சாவடிக்குப் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை யோசித்து வைத்திருந்தேன்.

முசேயை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். ஒரே இரவில் சிறுத்துப் போயிருந்தார். அவர் காதருகே குனிந்தேன்.

"முசே, நான் சொல்றதுக்குத் தலையாட்டுங்க. நனஞ்ச கோழிக்கூடையக் காயப்போட்டீங்க. அவ்ளோதான்."

"என்னது?"

"கோழிக்கூட முசே. காயப்போட்டீங்க."

"முப்பது வருஷம் ஏத்துன கூண்ட கோழிக்கூடன்னு சொல்லச் சொல்றியா?"

அதிகாரி உள்ளே வந்தார். நடுத்தர வயது, ஒட்டிய கன்னம். நான் அழகான வியட்நாமியத்தில், இவர் வயதானவர், மூளை கொஞ்சம் கலங்கியவர், கூடை காயப்போட்டார் என்றேன். அதிகாரி எழுதிக்கொள்ளத் தொடங்கினார். முசேக்கு வியட்நாமியம் அரைகுறை. ஆனால் கூடை என்ற சொல் தெரியும். எழுந்து நின்று, பளிச்சென்ற பிரெஞ்சில் சொன்னார்:

"ஐயா, இந்தப் பெண் பொய் சொல்கிறாள். நான் அடையாளம்தான் காட்டினேன்."

அப்பா கையிலிருந்த தொப்பி கீழே விழுந்தது. அதிகாரி பேனாவை மூடினார். பிரெஞ்சிலேயே கேட்டார்:

"யாருக்கு?"

"என் சந்தில் இருக்கும் நாற்பது பேருக்கு. புயல் வருகிறது என்று."

"சைகோனில் புயலா?"

"கடல் கிழக்கே இருக்கும் எந்த ஊருக்கும் புயல் வரும் ஐயா."

அதிகாரி பேனாவை மேசைமேல் வைத்தார். பிறகு கேட்டார்: "காற்று நின்றதும் நீ என்ன செய்வாய்?"

"கதவைத் திறக்க மாட்டேன்."

"எதுவரை?"

"எதிர்ப்பக்கக் காற்று வந்து, அதுவும் அடித்து ஓயும்வரை."

அதிகாரி, புயல் கரையேறும் நடுப்பகுதிக் கடலோரத்துக்காரர் என்பது பிறகுதான் தெரிந்தது. "என் தம்பி கதவைத் திறந்தான்," என்றார், யாரையும் பார்க்காமல். பிறகு என் பக்கம் திரும்பினார்: "தெற்கே புயல் வருவதாக இருந்தால் இந்த மாதத்தில்தான் வரும். இவருக்கு மூளை கலங்கவில்லை."

"கேட்டியா?" என்றார் முசே என்னிடம், தமிழில்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதிகாரி அந்த நூறு முழம் கயிற்றைக் காலால் தள்ளி, "கூரைக்குக் கயிறு உதவாது. மணல் மூட்டைதான் வைக்க வேண்டும்," என்று சொல்லிவிட்டார்.

"மூட்டை சரிந்தால் கீழே இருப்பவன் மண்டை உடையும்."

"கயிறு நனைந்தால் தளரும்!"

"தளராத முடிச்சு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாவிட்டால் அது கயிற்றின் குற்றமில்லை."

நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். தலை போகிற இடத்தில் இந்த மனிதர் முடிச்சுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அரைமணி நேரம் போட்டார். கடைசியில் அதிகாரி, எழுதிய தாளைக் கிழித்துப் போட்டு ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். இனி கம்பமும் விளக்கும் கூடாது, உயரத்தில் எதுவும் ஏறக் கூடாது. புயல் வந்தால் வாயால் சொல்லிக்கொள்ள வேண்டும்.

"கயிறு?" என்றார் முசே.

"அது சாட்சி. இங்கேயே இருக்கும்."

மூன்றாம் நாள் ஒரு புயலின் வால் சைகோனை உரசிக்கொண்டு போனது. முன்பே கட்டி முடித்திருந்த கூரைகளில் ஒரு தகரம்கூட அசையவில்லை. எல்லோருக்கும் கட்டிவிட்டுக் கடைசியில் தனக்குக் கட்டிக்கொள்வது அவர் வழக்கம். அவருடைய கயிறோ சாவடியில் இருந்தது. சந்தில் பறந்தது ஒரே ஒரு கூரை. மறுநாள் ஒரு ஜீப் வந்து, ஆறு இராணுவ மணல் மூட்டைகளை அவர் வாசலில் இறக்கிவிட்டு, எதுவும் சொல்லாமல் போனது. முசே அவற்றை உட்கார்ந்து வெற்றிலை போட மட்டும் பயன்படுத்தினார்.

வாயால் சொல்லச் சொன்னார்கள் அல்லவா? சொன்னார். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, ஐப்பசி கார்த்திகை என்றில்லாமல் வருஷம் முழுக்க, வீடு வீடாகக் கதவைத் தட்டி, பிரெஞ்சில் மாலை வணக்கம் வைத்துச் சொன்னார். புயல் இருந்தால்தான் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"பொன்சுவார். இன்னைக்கு ஒண்ணும் வரல. நல்லாத் தூங்குங்க."

முதலில் சிரித்தோம். மூன்றாம் வீட்டு மாமியார், "வராததச் சொல்ல ஒரு ஆளா?" என்றாள். பா ஹாய் அவருக்காகவே ஒரு கிண்ணம் சூப் எடுத்து வைக்க ஆரம்பித்தார். ஊருக்கு வெளியே பீரங்கி முழங்கிய நாட்களிலும் அவர் வந்தார். பீரங்கி அவர் கணக்கில் இல்லை. முழங்கால் வலிக்கவில்லை, ஆகவே ஒன்றும் வரவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, குடியுரிமைத் தாளின் மெழுகை உடைத்து எடுத்துக்கொண்டு, அவர் பிரான்சில் இருக்கும் மர்செய்லுக்குப் போகும் கப்பலில் ஏறினார். அங்கே அவருடைய மகள் இருக்கிறாள். அந்தத் துறைமுகத்தில் காற்று எந்த மாதத்தில் எப்படி அடிக்கும் என்று கப்பல்காரனிடமே விசாரித்துக்கொண்டிருந்ததால், எங்களிடம் சரியாக விடைபெறக்கூட அவருக்கு நேரமில்லை.

மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் சந்தில் ஒவ்வொரு வீட்டுக் கதவும் திறந்து, யாரையும் காணாமல் மூடிக்கொண்டது. எங்கள் வீட்டுக் கதவைத் திறந்து பார்த்தது நான்தான்.