நடக்காத கல்யாணத்தில் இரண்டு முறை பாயசம் வாங்கியவன்

பொய் சொல்வதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் ஒன்றும் கிடையாது. ஆனால் சொல்லும் பொய்யை முழுநீளத் தாளில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு, ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வருகிற ஜனம் பூராவும் படிக்கும்படி சுவரில் ஒட்டக்கூடாது. (ஒட்டியிருக்கிறேன்.)

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. எனக்கு இருபத்தைந்து வயது. ஆனையூரிலிருந்து தினமும் சைக்கிளில் வந்து, ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேஜையில் உட்காருவேன். வருகிறவர் பெயர், ஊர், வந்த காரணம் மூன்றையும் ரிஜிஸ்டரில் எழுதுவதுதான் வேலை. தமிழ் எம்.ஏ.வை முதல் வருடத்தோடு விட்டவன் என்பதால், எனக்குள் ஓர் எழுத்தாளர் தூங்கிக்கொண்டிருக்கிறார் என்று நம்பினேன். அவர் நன்றாகவே தூங்கிக்கொண்டிருந்தார்.

லாட்ஜுக்கு எதிரே சுகுணா அக்காவின் ஜெராக்ஸ் கடை. உள்ளே ஒரு கம்ப்யூட்டரும் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கல்லூரி ப்ராஜெக்ட் எல்லாம் அங்கேதான் அடிப்பார்கள். அக்கா குடும்பம் சௌராஷ்டிரர்கள். எங்களிடம் பேசுவது அசல் மதுரைத் தமிழ், வீட்டு ஆட்களோடு பேசுவது அவர்கள் பாஷை. அக்காவிடம் கவிதை டைப் செய்யக் கொடுத்துவிட்டுப் பாதியில் காணாமல் போகிறவர்கள் அதிகம். அது அவருக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் என்னையும் சேர்த்து ஒன்பது பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிவிட்டார்: முப்பது நாள், தினம் ஒரு பக்கம். சாயங்காலம் ஆறு மணிக்குள் கடைக்கு வெளியே இருக்கும் பலகையில் ஒட்டிவிட வேண்டும். அன்றைக்கு எழுதியதை அன்றைக்கே ஒட்ட வேண்டும். ஒருநாள் தவறினாலும் ஆள் அவுட். முப்பதையும் முடிப்பவர்களின் பக்கங்களை அவரே டைப் செய்து, பைண்டிங் போட்டுப் புத்தகமாகத் தருவார்.

ஒன்பது பேரில் ஒரு நர்ஸ், ஒரு டுடோரியல் வாத்தியார், என் நண்பன் முத்துப்பாண்டி எல்லாரும் உண்டு. முத்துப்பாண்டி பஸ் கண்டக்டர். அவன் எழுதுவது எல்லாம் பஸ்ஸில் நடந்ததுதான், எழுத்துப்பிழை ஏராளம். ஆனால் பலகை முன்னால் நிற்பவர்கள் முதலில் அவன் பக்கத்தைத்தான் தேடுவார்கள். எனக்கு அது புரியவே இல்லை. நானோ ‘நிலாப்பித்தன்’ என்ற பெயரில், பதினெட்டு நாளில் ஆறு முறை நிலாவைப் பற்றி எழுதியிருந்தேன். மிச்ச நாட்களில் நதி, தாய்மை, தென்றல். (ஆரப்பாளையத்தில் தென்றல் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. மரியாதைதான்.) லாட்ஜில் வேலை பார்ப்பதை மட்டும் ஒரு வரிகூட எழுதியதில்லை. அக்காவையும் முத்துப்பாண்டியையும் தவிர மற்றவர்களுக்கு அது தெரியவும் விடவில்லை. ஏதோ ‘தனியாரில் இருக்கேன்’ என்று பொதுவாகச் சொல்லிவைத்திருந்தேன்.

பத்தொன்பதாவது நாள், புதன்கிழமை, அக்காவின் தங்கை ஹேமாவுக்குக் கல்யாணம். வில்லாபுரத்தில் ஒரு மண்டபம். காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் முகூர்த்தம். மாப்பிள்ளை பரமக்குடி. எங்கள் ஒன்பது பேருக்கும் பத்திரிகை வைத்து, அன்றைய பக்கத்தை எல்லாரும் கல்யாணத்தைப் பற்றியே எழுதலாம் என்றும் அக்கா சொல்லியிருந்தார்.

எனக்கு அன்று டூட்டி. லீவு கேட்டிருந்தால் முதலாளி கொடுத்திருப்பார். நான் கேட்கவில்லை. பந்தியில் பக்கத்து இலைக்காரர் ‘தம்பி எங்க வேலை பாக்குறீங்க’ என்று கேட்பாரே, அந்த ஒரு கேள்விக்குப் பயந்தேன். ஆனால் எழுதாமலும் இருக்கமுடியாது. மற்றவர்கள் மண்டபத்திலிருந்து திரும்பிவந்து எழுதி ஒட்டுவதற்குள் முந்திக்கொள்ளவும் ஆசை. அதனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே, மேஜையில் உட்கார்ந்தபடி, மறுநாள் கல்யாணத்தை நடத்தி முடித்துவிட்டேன்.

என் வாழ்க்கையில் அவ்வளவு சரளமாக எதையும் எழுதியதில்லை. ‘இன்று ஹேமாவின் திருமணம் இனிதே நடந்தேறியது’ என்று ஆரம்பம். மணமகள் அரக்குச் சிவப்புப் பட்டில் நிலவென வந்தாள். (ஏழாவது நிலா.) மாப்பிள்ளையின் கை தாலி கட்டும்போது லேசாக நடுங்கியது. அக்காவின் அம்மா ஆனந்தக் கண்ணீரை முந்தானையால் ஒற்றிக்கொண்டார். பால் பாயசம் அமிர்தம். நானே வெட்கத்தை விட்டு இரண்டு முறை கேட்டு வாங்கினேன். தாளை மடித்து முத்துப்பாண்டியிடம் கொடுத்து, காலை முதல் டிரிப்புக்கு வரும்போது பலகையில் ஒட்டிவிடச் சொன்னேன். அவனும் பிரித்துப் பார்க்காமல் ஆறரை மணிக்கு ஒட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டான்.

அன்று விடிவதற்குள் நடந்தது எங்கள் இருவருக்கும் தெரியாது. பரமக்குடி மாப்பிள்ளைக்கு உடம்பெல்லாம் அம்மை போட்டுவிட்டது. கல்யாணம் தள்ளிவைப்பு. அக்கா ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு, எனக்கும் லாட்ஜுக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறார். எனக்கு முந்தைய டூட்டிக்காரர் அதைப் பொறுப்பாக ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் அதன்மேல் டீ கிளாஸை வைத்துவிட்டேன்.

பத்தரை மணிக்கு எதிர்க்கடை ஷட்டர் பாதி திறந்திருந்தது. உள்ளே அக்காவும் அவர் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணம் முடிந்த கையோடு கடையைத் திறந்திருக்கிறாரே, என்ன உழைப்பு என்று வியந்தேன். நேரில் போய் நாலு வார்த்தை பேசிவிட்டு வந்தால், நான் மண்டபத்துக்கு வந்ததற்கு அதுவே சாட்சியாகிவிடும் என்று என் மூளை கணக்குப் போட்டது. லாட்ஜ் எடுபிடிப் பையனை மேஜையில் நிற்கவைக்கக்கூட நேரமில்லாமல் ரோட்டைத் தாண்டினேன்.

“கல்யாணம் ரொம்ப அருமையா நடந்துச்சுக்கா,” என்றேன்.

அக்கா என்னையே பார்த்தார். அவர் முகம் வாடியிருந்தது. தங்கையை அனுப்பிவைக்கிற வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

“அப்படியா தம்பி?” என்றார் நிதானமாக. “எப்ப வந்தீங்க?”

“முகூர்த்தத்துக்கே வந்துட்டேங்க்கா. கூட்டத்துல நீங்க கவனிக்கல.”

“சாப்ட்டீங்களா?”

“சாப்பிடாமயா? பாயசமே ரெண்டு தடவ வாங்குனேன்.”

அக்காவின் அம்மா எதையோ அவர்கள் பாஷையில் கேட்டார். அக்கா பதில் சொன்னார். எனக்குப் புரிந்தது அதில் ‘பாயசம்’ என்ற ஒரே வார்த்தைதான். அந்த அம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அது அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

அப்போது கம்ப்யூட்டர் தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். சாதாரண சுடிதார். அழுது வீங்கிய கண். கையில் அப்போதுதான் பிரிண்ட் எடுத்த தாள். தன் கல்யாணம் தள்ளிப்போன அறிவிப்பைத் தானே டைப் அடித்துக்கொண்டிருந்த ஹேமா அவள்.

பூமி பிளக்கவில்லை. பிளந்திருந்தால் நன்றியோடு இறங்கியிருப்பேன்.

அக்கா விஷயத்தைச் சொன்னார். திட்டவில்லை. அதைவிட மோசமான ஒன்றையும் சொன்னார். திண்டுக்கல்லிலிருந்து அவர்கள் பெரியப்பா எட்டரைக்கு ஆரப்பாளையத்தில் இறங்கி, கடை வழியாக வந்தவர், பலகையில் என் பக்கத்தைப் படித்துவிட்டார். தான் வருவதற்குள் தாலியைக் கட்டிவிட்டார்களா என்று பக்கத்து டீக்கடைக்காரரிடம் கோபித்துக்கொண்டு, திரும்பித் திண்டுக்கல் பஸ்ஸே ஏறிவிட்டார். ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் போட்டுச் சமாதானம் சொல்லவேண்டுமாம். இருக்கிற பாடு போதாதென்று அவர்களுக்கு இப்படி ஒரு பாட்டையும் சேர்த்து வைத்திருந்தேன்.

என்னால் நிமிரமுடியவில்லை. தப்பு என்று மட்டும் சொன்னேன்.

ஹேமா வெளியே போய்ப் பலகையிலிருந்த தாளை உரித்து எடுத்துவந்தாள். கிழிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். நின்றபடியே முழுவதும் படித்தாள். மாப்பிள்ளையின் கை நடுங்கிய இடம் வந்ததும் அவள் தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான் என்று அக்கா பிற்பாடு சொன்னார்.

“அண்ணே, எனக்குப் பச்சைப் பட்டுதான் எடுத்திருக்கு,” என்றாள். “சிவப்புன்னு எழுதிட்டீங்க.”

அக்கா தாளை வாங்கி என் கையில் திணித்தார். “இது இன்னைக்கு எழுதுனதில்ல. அதனால செல்லாது. மணி பத்தே முக்கால்தான் ஆகுது. ஆறு மணி வரைக்கும் டைம் இருக்கு. நெசமா இன்னைக்கு என்ன நடந்துச்சோ அத எழுதிக் கொண்டாங்க. இல்லன்னா நீங்க அவுட்.”

லாட்ஜுக்குத் திரும்பினேன். விலகிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. சைக்கிள் பாதையை மாற்றிக்கொண்டு, வேறு வழியாக வந்து போய்க்கொண்டு, அந்தக் கடைப் பக்கமே தலைகாட்டாமல் இருந்துவிடலாம். ஆனால் மேஜையிலிருந்து பார்த்தால் நேர் எதிரே அந்தப் பலகை. ஒன்பது பேரில் நாலு பேர் ஏற்கெனவே நின்றுபோயிருந்தார்கள். அவர்களுடைய இடங்கள் காலியாக இருந்தன. ஐந்தாவது காலியிடத்தைத் தினமும் உட்கார்ந்து பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை.

மூன்று மணிக்கு எழுத ஆரம்பித்தேன். ‘இன்று நான் எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை. நான் ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜில் வேலை பார்க்கிறேன்’ என்று முதல் இரண்டு வரி. அந்த இரண்டு வரிக்கு ஒரு மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகு லீவு கேட்காதது, பந்திக் கேள்விக்குப் பயந்தது, டீ கிளாஸ், பெரியப்பா, பாயசம் எல்லாம் தானாக வந்தன. நிலா வரவில்லை. ஐந்தே முக்காலுக்குக் கொண்டுபோய் ஒட்டினேன். நிலாப்பித்தன் என்று கையெழுத்துப் போடக் கூச்சமாக இருந்தது. சங்கரபாண்டி என்று என் சொந்தப் பெயரையே போட்டேன்.

மறுநாள் காலையில் பலகை முன்னால் ஏழெட்டுப் பேர் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் மேஜைக்குக் கீழே பேனாவைத் தேடுவதுபோல வெகுநேரம் குனிந்திருந்தேன். டுடோரியல் வாத்தியார் நேராக லாட்ஜுக்குள் வந்து, இங்கேயா இருக்கிறீர்கள், இத்தனை நாளாகச் சொல்லவே இல்லையே என்று கேட்டு, உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். நான் பயந்த கேள்வி அவ்வளவு சிறியதாக இருந்தது. முத்துப்பாண்டி மத்தியானம் வந்தான். “மாப்ள, ஒட்டச் சொன்ன, ஒட்டுனேன். ஆனா நேத்து சாயங்காலம் ஒட்டுனியே, அதுதான்டா பக்கம்,” என்றான்.

அதற்குப் பிறகு பதினோரு நாளும் லாட்ஜைத்தான் எழுதினேன். ஆஸ்பத்திரியில் இருக்கும் மகளைப் பார்க்க வந்து, போகும்போது எங்கள் பெட்ஷீட்டை எங்களைவிட நன்றாக மடித்துவைத்துவிட்டுப் போன உசிலம்பட்டித் தம்பதி. வேலைத் தேர்வு எழுத வந்து, கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாகப் படித்து, பக்கத்து அறைக்காரரையும் பாடத்தில் தேற்றிவிட்ட ஒருவர். நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான். எழுதத் தொடங்கிய பிறகுதான் அவர்களை நிஜமாகவே பார்த்தேன். ஒருநாள் காய்ச்சலில் படுத்துவிட்டபோது, நர்ஸ் அக்கா ஆனையூருக்கே வந்து ஒரு மாத்திரையும் கொடுத்து, எழுதிய பக்கத்தையும் வாங்கிக்கொண்டு போனார். முப்பது நாளை நான் ஒருவனாக முடித்தேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

ஐந்து பேர் முடித்தோம். நீல அட்டை போட்டு அக்கா புத்தகம் தந்தார். என் முதலாளி ஒரு பிரதியை வாங்கி வரவேற்பு மேஜையில் வைத்துவிட்டார். ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வருகிறவர்கள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எங்களையும் எழுதிருவீங்களா தம்பி என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு எனக்குப் பயமில்லை.

மாப்பிள்ளைக்கு உடம்பு தேறி, அடுத்த முகூர்த்தத்தில் அதே மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. லீவு கேட்டேன், உடனே கிடைத்தது. திண்டுக்கல் பெரியப்பாவிடம் என்னைக் கூட்டிப்போய் அறிமுகம் செய்தார்கள். அவர் வெகுநேரம் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. பந்தியில் அக்காவின் அம்மா என் இலைக்கு முன்னால் வந்து நின்று, நான் பாயசத்தைக் குடிக்கும்வரை பார்த்துவிட்டு, இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னார். பால் பாயசம் இல்லை, பருப்புப் பாயசம்.

இத்தனை வருடம் கழித்தும் எங்கள் வீட்டில் எந்த விசேஷத்துக்குக் கிளம்பினாலும், போகணுமா, இல்ல எழுதியாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் என் மனைவி செருப்பு மாட்டுகிறாள். நான் இன்னும் தினம் ஒரு பக்கம் எழுதுகிறேன். போன மாதம் ஹேமா தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பியிருந்தாள். அச்சடித்த எழுத்துக்குக் கீழே, பேனாவால் ஒரு வரி எழுதியிருந்தாள்:

‘அண்ணே, சேலை என்ன கலர்னு சொல்லமாட்டேன். நேர்ல வந்து பாத்துக்கங்க.’