கத்தி கொண்டுபோகலாமா என்று கேட்கக் கத்தி கொண்டுபோனேன்

2008 ஒக்டோபர் எட்டு, புதன்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். சட்டத்தைத் தூசியளவும் மீறக்கூடாது என்ற உறுதியோடு நான் அதை மீறத் தொடங்கிய நேரம் அது. பையில் முழ நீளக் கத்தி. கையில் இரண்டு பக்க விளக்கக் கடிதம். எதிரே பொலிஸ் நிலையத்தின் வாசல்.

மறுநாள் விஜயதசமி. இத்தாலியில், பலெர்மோ நகரின் அல்பெர்கேரியாப் பகுதியில் வாடகைக்கு எடுத்த ஒரு கீழ்த்தள மண்டபம்தான் எங்கள் கோயில். அங்கே மகிஷாசுரனாக ஒரு வாழையை நிறுத்தி, அம்பாள் சார்பில் ஐயர் அதை வெட்டுவார். யாழ்ப்பாணத்தில் இதை மானம்பூத் திருவிழா என்போம். கத்தியைத் தீட்டிக் கொடுப்பது அப்பாவின் பொறுப்பு. தீட்டியாயிற்று. ஆனால் லிபெர்த்தா வீதியில் அவர் வேலை செய்யும் வீட்டு எசமானி சிஞ்ஞோராவுக்குச் சுகமில்லாமல் போக, அப்பா அங்கேயே தங்க நேர்ந்தது.

“பிள்ளை, விஜயதசமியண்டு காலமை நீயே கொண்டுபோய் ஐயரிட்டைக் குடு. இதென்ன பெரிய வேலையே?” என்றார் தொலைபேசியில்.

எனக்குப் பெரிய வேலையாகத்தான் பட்டது. என் பெர்மெஸ்ஸோ, அதாவது இந்நாட்டில் வசிப்பதற்கான அனுமதிப் பத்திரம், புதுப்பிக்கக் கொடுத்து ஐந்து மாதமாகியும் கைக்கு வரவில்லை. இந்நிலையில் கத்தியோடு பிடிபட்டு ஒரு வழக்குப் பதிவானால் பத்திரம் போய்விடும். அதன் பின்னால் இலக்கியப் படிப்பும் போய்விடும்.

வகுப்புத் தோழி ஃபெதெரிகாவிடம் ஆலோசனை கேட்டிருந்தேன். அவள் கிறிஸ்தவத்துக்கு முந்திய பழைய தெய்வங்களை வணங்குகிறவள். பௌர்ணமிதோறும் கறுப்புப் பிடி போட்ட சடங்குக் கத்தியோடு மலைக்குப் போவாள். (இரு பக்கமும் மழுங்கடித்த கத்தி. காற்றில் வட்டம் வரையும்; தக்காளியை வெட்டாது.)

“துணியில் சுற்று, பெட்டியில் வைத்துக் கட்டு, பையின் அடியில் போடு. யாராவது கேட்டால் நியாயமான காரணத்தைச் சொல். சட்டம் எதிர்பார்ப்பது அதைத்தான்,” என்றாள்.

“காரணம் நியாயமானதா என்று யார் முடிவு செய்வார்?”

“கேட்கிற பொலிஸ்காரர்.”

வேறு யாராக இருந்தாலும் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். நானோ, அவர் கேட்கும் முன் நாமே போய்க் கேட்டுவிடுவதுதான் முறை என்று தீர்மானித்தேன். கத்தியைக் காட்டாமல் கத்தியைப் பற்றிக் கேட்பது நேர்மையாகாது என்றும் தோன்றியது. (இருபத்தொரு வயதில் நேர்மைக்கும் மடத்தனத்துக்கும் இடையே எனக்குப் பெரிய வேறுபாடு தெரிந்திருக்கவில்லை.)

நிலையத்தினுள்ளே நரைத்த மீசைக்கார அதிகாரி ஒருவர் என் பொதியை அவிழ்க்கக் கால் மணி நேரம் போராடினார். மொத்தம் ஒன்பது முடிச்சு. கத்தி வெளியே வந்ததும் பக்கத்து மேசைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“அலங்காரப் பொருள்தானே, சிஞ்ஞோரினா?” குரலில் கருணை இருந்தது. ஆம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

“இல்லை. நேற்றுத்தான் தீட்டியது. நன்றாக வெட்டும்.”

“அப்படியானால் சமையலுக்கு?”

“இல்லை. ஓர் அசுரனைக் கொல்வதற்கு.”

அவர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்தினார். “அவர் எங்கே வசிக்கிறார்?”

எருமைத் தலையில் தொடங்கி வாழை வரைக்கும் விளக்கினேன். என் இத்தாலிய வாக்கியங்கள் அன்று பிழையின்றி இருந்தன; அதுதான் அச்சமூட்டியிருக்க வேண்டும்.

“அதாவது, வெட்டப்போவது வாழையை.”

“வடிவத்தில் வாழை. பொருளில் அசுரன்,” என்று திருத்தினேன்.

அவர் அப்பாவின் இலக்கத்தைக் கேட்டு வாங்கி அழைத்தார். இத்தாலிய இலக்கணத்தோடு என்றுமே உறவு வைத்துக்கொள்ளாத அப்பாவின் குரல் எனக்கும் கேட்டது: “வாழை, சிஞ்ஞோரே! வாழை மட்டும்!” அடுத்துத் தொலைபேசி என் கைக்கு வந்தது.

“உன்னை ஆர் அங்கை போகச் சொன்னது? கள்ளன்கூடத் தானாப் போய் நிக்கமாட்டான்!”

“கேட்டிட்டுக் கொண்டுபோவம் எண்டுதான், அப்பா…”

“கேக்கிறதுக்கு ஏன் கத்தியையும் கூட்டிக்கொண்டு போனனீ?”

அதிகாரி கத்தியைத் திரும்பச் சுற்றிப் பெட்டியில் வைத்தார். “ஒன்பது முடிச்சை அவிழ்ப்பதற்குள் அசுரன் ஊரை விட்டே ஓடிவிடுவான். கொண்டு போ. நாளைக்கும் இப்படியே கொண்டு போ.”

அப்போதாவது எழுந்து வந்திருக்க வேண்டும். “இதை எழுதித் தர முடியுமா?” என்றேன்.

அவர் மேசையிலிருந்த பேனாவைச் சுட்டிக் காட்டினார். “இங்கே அனுமதி எழுதுவதற்குத் தாள் இல்லை, சிஞ்ஞோரினா. நான் பேனாவை எடுத்தால் அது வழக்காகத்தான் முடியும். எடுக்கட்டுமா?”

பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். எங்கள் வீட்டில் எல்லாப் பாதுகாப்பும் தாளில்தான் இருந்தது. முத்திரை குத்திய தாள், கைரேகை பதித்த தாள், ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதி. தாள் இல்லாதவரை ஆள் என்றே ஏற்காத உலகத்தில் வளர்ந்தவள் நான். அன்றைக்கு ஒரு மனிதர் எழுதாமல் விட்டதால்தான் தப்பினேன். அதை அருள் என்று உணரச் சில ஆண்டுகள் ஆயின. அப்போது அவர் ஒழுங்கற்ற அதிகாரி என்றே நினைத்தேன்.

பெர்மெஸ்ஸோ இரண்டு மாதம் கழித்து வந்து சேர்ந்தது. அதோடு கதை முடியவில்லை. இன்றைக்கும் அப்பா சமையலறையில் தேசிக்காயை எடுத்து வைத்துக்கொண்டு, விருந்தாளிகள் முன்னால் கேட்பார்: “வெட்டப் போறன், பிள்ளை. ஒருக்காப் பொலிஸிட்டைக் கேட்டிட்டு வாறியே?”

அந்த விஜயதசமிக் காலை கடிதத்தை வீட்டு மேசையிலேயே விட்டுவிட்டுக் கத்திப் பெட்டியோடு வியா மக்வேதா என்ற வீதி வழியாக நடந்து, ஐயரிடம் அதை ஒப்படைத்தேன். அப்பா எல்லாவற்றையும் முன்னமே சொல்லியிருந்தார் போலும்.

“பொலிஸ் ஏதும் எழுதித் தந்தவையோ, பிள்ளை?”

“இல்லை, ஐயா. ஒண்டும் எழுதேல்லை.”

“அம்பாள் காப்பாத்தினா,” என்றார் ஐயர்.